முதிய நாயின் முடி உதிர்வு

வீட்டு நாய்க்கு ஒன்பது, பத்து வயதாகி முடி கொட்டத் தொடங்கினால், நம்மவர்கள் இரண்டு தீர்ப்புகளில் ஒன்றை வழங்கிவிடுவார்கள். "வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது?" என்பது ஒன்று. "சொறி பிடித்துவிட்டது; குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும், வெளியே விட்டுவிடுங்கள்" என்பது மற்றொன்று. இரண்டும் விசாரணையின்றிச் சொல்லப்படுபவை. முதுமையில் நாயின் முகம் நரைக்கும். முடியின் பளபளப்புக் குன்றும். ஆனால் தோல் வெளியே தெரியுமாறு திட்டுத் திட்டாக முடி உதிர்வது முதுமையின் இயல்பன்று, நோயின் குறி.

தில்லியில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் ஒன்பது வயது லாப்ரடார் நாய் ஒன்று இருந்தது. அதன் விலாப்புறம் இரண்டும் வெறுமையாகி, வாலும் எலியின் வாலைப் போல் ஆகிவிட்டது. யாரோ சொன்னதைக் கேட்டு மோட்டார் வண்டியின் பழைய எண்ணெயை ஒரு மாதம் பூசினார்கள். பயனில்லை. நாயை எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுவதென்று பேச்சு எழுந்த நிலையில்தான் நான் அதைப் பார்த்தேன். "இது சொறிந்துகொள்கிறதா?" என்று கேட்டேன். வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொறிந்ததே இல்லையாம்!

நேயர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதுவே. அரிப்பின்றி, உடலின் இரு பக்கமும் ஒன்றுபோல் முடி உதிருமானால், காரணம் பெரும்பாலும் தோலில் இல்லை; உள்ளே சுரப்பிகளில் இருக்கிறது. அந்த நாய் குறைவாகவே தின்றும் பருத்திருந்தது, நாளெல்லாம் உறங்கிற்று, மார்ச் மாதத்திலும் வெயிலைத் தேடிப் படுத்தது. இரத்தப் பரிசோதனையில் தைராய்டுச் சுரப்பியின் குறைபாடு தெரியவந்தது. (வேறு நோய்களாலும் இந்த அளவு குறையக்கூடும், ஆதலின் ஒரே எண்ணை வைத்து முடிவு செய்யலாகாது.) ஆயுள் முழுவதும் நாள்தோறும் மாத்திரை தர வேண்டியிருந்தது. ஆயினும் அது ஒருவருக்கும் ஒட்டும் நோயன்று.

ஓயாமல் நீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, வயிறு தொங்கித் தோலும் மெலிந்திருந்தால், கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுந்திருக்கலாம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றும் கட்டியே பெரும்பாலும் இதற்குக் காரணம். அரிப்பைத் தணிக்க நெடுநாள் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தும் இதே நிலையை உண்டாக்கும். அதற்காக அம்மருந்தைத் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

அரிப்பு உண்டென்றால் வழி வேறு. வாலடியில் கடித்துக்கொண்டால் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். காது மடலின் ஓரத்திலும் முழங்கையிலும் கடும் அரிப்பெனில் சொறிப்பூச்சி இருக்கலாம். இது மனிதருக்கும் சில நாள் அரிப்பைத் தரும். மழைக்காலத்தில் அக்குளும் காதும் பிசுபிசுத்து நாறினால் பெரும்பாலும் பூசணமே. மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் என்னும் நுண்பூச்சி குட்டிகளிடம் சாதாரணம். முதிய நாயிடம் அது பெருகினால், உடலின் எதிர்ப்பாற்றலை வேறேதோ நோய் குலைத்திருக்கிறதா என்று ஆராய வேண்டும். தோலைச் சற்றே சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது எளிய சோதனை. முதல் நாள் குளிப்பாட்டாமல் அழைத்துச் செல்வது நலம்.

மண்ணெண்ணெய், ஃபினைல், மோட்டார் எண்ணெய் எதையும் பூச வேண்டாம். நாய் தன் உடலை நக்கும். பூசிய நஞ்சு வயிற்றுக்குள் போகும். மாடுகளுக்கான ஐவர்மெக்டின் ஊசியைத் தாமாகவே வாங்கிப் போடுவோரும் உண்டு; கோலி இன நாய்களுக்கு அது உயிருக்கே கேடாகலாம். நம் சோப்பும் நாயின் தோலுக்கு ஏற்றதன்று. மருத்துவர் தரும் மருந்து ஷாம்பூவைத் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசி, ஈரம் போகத் துடையுங்கள். தேய்த்தவுடன் நீரை ஊற்றிவிடுவதால்தான் பலருக்கு அது பலிப்பதில்லை.

முடி திரும்ப மாதக் கணக்கில் ஆகும். அந்த லாப்ரடாருக்கு விலாவில் முடி வந்தபின்னும் வால் நெடுநாள் வெறுமையாகவே இருந்தது. அதற்குள் அது மீண்டும் வாசல்வரை வந்து வாலாட்டத் தொடங்கிவிட்டது.