இருவர் மிதிக்கும் சைக்கிளுக்கு மின்விசைத் துணை

ஒரே சட்டத்தில் இரண்டு இருக்கைகளும் இரண்டு சோடி மிதிகட்டைகளும் அமைந்த சைக்கிளை இரட்டையர் சைக்கிள் என்பர். முன்னால் அமர்பவர் கைப்பிடியையும் பிரேக்கையும் கவனிக்க, பின்னால் அமர்பவர் மிதிப்பதில் பங்கு கொள்கிறார். ஆகவே, கண்பார்வை குன்றியவரும், சாலையில் தனியே ஓட்ட இயலாதவரும் பிறருக்குச் சுமையாக இராமல் தம் கால்களாலேயே பட்டணத்துக்கும் மருந்தகத்துக்கும் சென்றுவர இவ்வண்டி வழி செய்கிறது.

சமதரையில் இது விரைந்து ஓடும். ஆனால், மேடும் பள்ளமுமான தோட்டப்புறச் சாலைகளில் இதன் கனம் தெரிந்துவிடும். இக்குறையை நீக்கவே மின்மோட்டாரின் துணை நாடப்படுகிறது. சைக்கிளில் மின்மோட்டாரைப் பொருத்தும் எண்ணம் புதியதன்று. 1895ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். மிதிக்கும்போது மட்டும் துணைபுரியும் மோட்டார் கொண்ட சைக்கிளை ஜப்பானின் யமஹா நிறுவனம் 1993இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மேடு ஏறும் கணக்கு

இருவரும், வண்டியும், மோட்டாரும், சிறிது மளிகைச் சாமானும் சேர்ந்து 160 கிலோ எனக் கொள்வோம். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 80 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு ஏறத்தாழ 390 வாட் விசை தேவை. உடல்நலமுள்ள ஒருவர் களைப்பின்றித் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 80 வாட். இருவர் தருவது 160 வாட். எஞ்சிய 230 வாட்டை 250 வாட் மோட்டார் ஒன்று ஈடு செய்துவிடும்.

இந்த மேட்டை ஏற ஆறு நிமிடம் ஆகும். வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால், மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 30 வாட்-மணி செலவாகும். 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி மின்கலம் 504 வாட்-மணி கொள்ளும். அஃதாவது, இத்தகைய மேடுகள் பதினாறு ஏறலாம். பழகப் பழக மின்கலத்தின் கொள்ளளவு குறையுமாதலால் பத்து மேடுகளுக்குள் திட்டமிடுவது நலம். அதை முழுமையாக மின்னேற்றுவதற்கு வீட்டு மின்கணக்கில் அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும்.

மோட்டார் எங்கே?

மோட்டாரைச் சக்கரத்தின் நடுவிலோ, மிதிகட்டை அச்சிலோ பொருத்தலாம். சக்கர மோட்டாரைப் பொருத்துவது எளிது. எனினும், செங்குத்தான மேட்டில் சக்கரம் மெல்லச் சுழலும்போது அது சூடேறும். மேலும், ஏற்றத்தில் பாரம் பின்சக்கரத்தில் சாய்வதால், முன்சக்கர மோட்டார் ஈரமான செம்மண்ணில் வழுக்கக்கூடும். ஆகவே பின்சக்கரமே ஏற்றது. மோட்டார் சுழலும்போது அதன் அச்சு எதிர்த்திசையில் திரும்ப முயலும். அது கழன்று விடாமல் சட்டத்தோடு பிணைக்கும் எஃகுத் துண்டு கட்டாயம் தேவை.

மிதிகட்டை அச்சு மோட்டார் சைக்கிளின் கியர்களைப் பயன்படுத்துவதால், செங்குத்து மேட்டுக்கு மிகவும் உகந்தது. ஆனால், இரட்டையர் சைக்கிளில் முன் மிதிகட்டையையும் பின் மிதிகட்டையையும் இணைக்கும் சங்கிலி பெரும்பாலும் இடப்புறம் ஓடுகிறது. இவ்வகை மோட்டார்களிலோ பற்சக்கரம் வலப்புறத்தில் மட்டும் இருப்பதே வழக்கம். வாங்குவதற்கு முன்பே தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் வண்டியைக் காட்டிக் கேட்டறிக.

இறக்கமே பெரிய சோதனை

மோட்டார் ஏற்றத்தை எளிதாக்கும். இறக்கத்தின் ஆபத்தைக் குறைக்காது. மேற்சொன்ன மேட்டிலிருந்து இறங்கும்போது 160 கிலோ பாரத்தின் வேகம் முழுவதையும் பிரேக்குகளே தாங்க வேண்டும். சக்கர வளையத்தை அழுத்தும் ரப்பர்க் கட்டைகளை இடைவிடாது பிடித்தால், வளையம் சூடேறி டயர் வெடிக்கவும் கூடும். எனவே இரு சக்கரங்களிலும் பெரிய வட்டத்தட்டு பிரேக் இருத்தல் வேண்டும். பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் நின்றுவிடும் அமைப்பும் அவசியம். இறக்கத்தின் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வேகம் மிகுந்தபின் குறைக்க முயல்வது தாமதமாகும்.

மின்கலமும் சட்டமும்

லித்தியம் மின்கலத்தை அதற்கென்றே தரப்பட்ட கருவியால் மட்டும் மின்னேற்றுக. உறங்கும் நேரத்திலும், வாசற்படியருகிலும் மின்னேற்றுதல் கூடாது. தீப்பற்றினால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். விழுந்து நசுங்கியதையும், நீரில் மூழ்கியதையும், வீங்கியதையும் மீண்டும் பயன்படுத்தாதீர்கள். விலை மலிவென்று பழைய கலங்களை இணைத்துச் செய்ததை வாங்குவதும் ஆபத்து.

மிதித்தால் மட்டும் துணைபுரியும் மோட்டாருக்கு ஐரோப்பாவில் 250 வாட் விசையும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகமும் உச்ச வரம்பாக உள்ளன. மிதிக்காமலே ஓடும் வண்டியைப் பல நாட்டுச் சட்டங்கள் மோட்டார் வாகனமாகவே கருதுகின்றன. ஆகவே, பணம் செலவிடும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விதிமுறைகளைக் கேட்டுத் தெளிவது கடமையாகும்.

பொருத்தி முடிந்ததும், சாமான் எதுவுமின்றிச் சிறு சரிவொன்றில் இருவருமாக ஏறி இறங்கிப் பழகுக. புறப்படும்போதும் நிறுத்தும்போதும் முன்னிருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்னிருப்பவர் அதற்கு விடை தரவேண்டும். இப்பழக்கம் படிந்த பின்னரே பெருஞ்சாலைக்குச் செல்லுதல் முறை.