குழந்தைக்கு ஏற்ற மருத்துவர்

மாணவ நண்பர்களே, குழந்தைக்கு மருத்துவரைத் தேடுவது பெற்றோரின் கடமை. அதைப் பற்றி எங்களிடம் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியே அதற்கு விடை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவன். எங்கள் பகுதியில் கோழி கூவும் வேளையிலேயே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருக்கி அமர்ந்து, மலையேறி எல்லைக்கு அப்பால் சென்று, பொழுது சாய்ந்த பின்னரே வீடு திரும்புவார்கள். என் அக்காளும் அவர்களில் ஒருத்தி. தன் எட்டு மாதக் குழந்தையை என் தாயாரின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போவாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறை நாட்களில் அவர்களுக்குத் துணையாக இருப்பேன்.

அப்படிப்பட்ட ஒரு நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது, மூச்சும் இரைத்தது. என் தாயாருக்கு எழுத்து வாசனை கிடையாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் கடைத்தெருவுக்கு ஓடினோம். ஓரிடத்தில் ‘குழந்தைகள் சிறப்பு மருத்துவர்’ என்று ஒரு பலகை தொங்கியது. உள்ளே இருந்தவர் ஓர் ஊசி போட்டு, நான்கு மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுத்தார். மாலைக்குள் குழந்தை பால் குடிப்பதையே நிறுத்திவிட்டது. தேனியில் மருத்துவக் கல்லூரி ஏற்படாத காலம் அது. கடன் வாங்கி ஒரு வாடகைக் கார் பிடித்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கு இரவோடு இரவாக விரைந்தோம். அங்கிருந்த மருத்துவர் குழந்தையின் சட்டையை நீக்கி, கடிகாரத்தைப் பார்த்தவாறு முழுதாக ஒரு நிமிடம் அதன் மூச்சை எண்ணினார். பிறகு நிமோனியா என்றார். “காலையில் என்ன மருந்து கொடுத்தார்கள்?” என்று கேட்டார். எங்களிடம் சீட்டு இல்லை. மருந்தின் பெயரும் தெரியவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. காலையில் ஊசி போட்டவர் எந்த மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர் என்பது பின்னால் தெரிந்தது. என் தாயார் தம்மையே நொந்துகொண்டார். ஆனால் அந்தப் பலகையை வாசித்து, “இங்கே போகலாம், அம்மா” என்று அழைத்துச் சென்றவன் நான்தான். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் பலகையை மட்டும் படித்தால் போதாது என்று அன்று அறிந்தேன்.

குழந்தைக்கு மட்டும் தனி மருத்துவர் எதற்கு என்று கேட்கலாம். குழந்தை என்பது உருவத்தில் சிறுத்த பெரியவர் அன்று. அதன் உடல் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடவேண்டும் என்பதே வயதுக்கு வயது மாறுகிறது. இருமலோ மூச்சுத்திணறலோ உள்ள குழந்தை, இரண்டு மாதத்துக்கு உட்பட்டதாயின் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரையாயின் 50 அல்லது அதற்கு மேலும், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையாயின் 40 அல்லது அதற்கு மேலும் மூச்சு வாங்கினால், அது அபாய அறிகுறி என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. மருந்தின் அளவையும் குழந்தையின் எடையைக் கொண்டே கணக்கிடவேண்டும். ஆகவே, எடை பார்க்காமல், மூச்சை எண்ணாமல் குழந்தைக்கு மருந்து கொடுப்பவரிடம் நாம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இந்த உண்மையை உணர்ந்தே பாரிஸ் நகரில் 1802-ஆம் ஆண்டிலும், லண்டனில் 1852-ஆம் ஆண்டிலும் குழந்தைகளுக்கென்று தனி மருத்துவமனைகளைத் திறந்தார்கள். நம் நாட்டில் குழந்தை மருத்துவர்களின் கழகமாகிய இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 1963-இல் தோன்றியது.

இனி, தக்க மருத்துவரை அறிவது எவ்வாறு? எம்.பி.பி.எஸ். என்பது மருத்துவக் கல்வியின் அடிப்படைப் பட்டம். அதைப் பெற்றவர் குழந்தைகளுக்கும் மருத்துவம் செய்யலாம்; நம் கிராமங்களில் ஆரம்பச் சுகாதார நிலையங்களைத் தாங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. அதன்மேல் குழந்தை மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. பட்டமோ, டி.சி.எச். என்னும் பட்டயமோ பெற்றவரே குழந்தை மருத்துவ வல்லுநர். பட்டத்தின் அருகே பாடத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். எம்.டி. என்ற இரண்டு எழுத்துகள் வேறு துறைகளுக்கும் உரியவை.

பட்டத்தைவிட முக்கியமானது பதிவு. மருத்துவத் தொழில் செய்வோரைப் பட்டியலிட்டுப் பதியும் முறை பிரிட்டனில் 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் 1914-இல் நிறைவேறியது. இன்று அப்பணியைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் செய்து வருகிறது. பதிவு பெற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. மருத்துவர் தம் பதிவு எண்ணை மருத்துவமனையில் காட்சிக்கு வைக்கவேண்டும். மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், பண ரசீதிலும் குறிக்கவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. ஆதலால் எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது. விதி நமக்கு அளித்த உரிமை அது. அந்த எண்ணையும் பெயரையும் கவுன்சிலின் இணையதளத்தில் கைப்பேசி வழியாகவே நீங்கள் சரிபார்க்கலாம். பெயர் பொருந்துகிறதா, மேற்பட்டம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சித்த மருத்துவர் போன்றோருக்குத் தனிக் கவுன்சில் உண்டு. அவர்களை அதன் பதிவேட்டில் தேடவேண்டும்.

பதிவின்றி மருத்துவத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் இடமளிக்கிறது. மருத்துவரைப் போலவே மருத்துவ நிலையமும் பதிவு பெறவேண்டும். தமிழ்நாட்டில் அதற்கென்று 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவது நம் மக்களின் இயல்பு. வெள்ளை அங்கி விஷயத்தில் அந்த இயல்பைச் சற்று ஒதுக்கி வைப்பதே நலம்.

எங்கே தேடுவது என்பது அடுத்த கேள்வி. 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமாயிற்று. 2004-இல் க. விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. அன்று எங்கள் கார் கடந்து சென்ற அதே மதுரைச் சாலையின் ஓரத்தில்தான் அந்தக் கல்லூரியும் மருத்துவமனையும் இன்று நிற்கின்றன. கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் வருபவர்களுக்கு மதுரைப் பயணத்தில் பாதிக்கும் மேல் மிச்சம். பெரியகுளத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. அவற்றில் குழந்தை மருத்துவர் எந்தெந்த நாளில், எந்த நேரத்தில் இருப்பார், இரவில் யார் பார்ப்பார் என்பதைக் குழந்தை நலமாக இருக்கும்போதே போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போடும் நாள் இதற்கு நல்ல வாய்ப்பு; கிராமச் செவிலியருக்கு இவை எல்லாம் தெரிந்திருக்கும். 104 என்னும் எண் மருத்துவ ஆலோசனைக்கும், 108 என்னும் எண் அவசர ஊர்திக்கும் உரியவை.

இறுதியாகப் பணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அன்றைய கார் வாடகைக் கடனை அடைக்க என் தாயார் தம் தோட்டை அடகு வைத்தார்; அது மீளவேயில்லை. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து பேணுபவன் என்று நான்கு கூறுகளைச் சொன்னார். இக்காலத்தில் செலவு என்னும் ஐந்தாவது கூறும் வந்து சேர்ந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளில் அந்தக் கவலை குறைவு. தனியார் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் காப்பீடு உதவும்.

2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு அது இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்க அது வழி செய்கிறது. அதில் சேர்வதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2022-இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் கொண்டு பதிவு செய்துகொள்ளலாம்.

அட்டை இருந்தால் போதும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். காப்பீடு ஏற்பது மருத்துவரை அன்று, மருத்துவமனையை. அந்த மருத்துவமனையையும் எல்லாச் சிகிச்சைக்கும் ஏற்பதில்லை. பட்டியலில் கண்ட சிகிச்சைக்கே ஏற்கிறது. ஆகையால், “அட்டை செல்லுமா?” என்று பொதுவாகக் கேட்காமல், “குழந்தையைச் சேர்த்து வைத்தியம் பார்க்க இந்த அட்டை இங்கே செல்லுமா? நாங்கள் தனியாக ஏதேனும் கட்டவேண்டுமா?” என்று கேட்கவேண்டும். காய்ச்சலுக்கு வெளிநோயாளியாகப் பார்த்துக்கொள்ளும் கட்டணத்தை இந்தத் திட்டம் தருவதில்லை. தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் பலவற்றில் குழந்தை பிறந்து 90 நாள் ஆன பிறகே அதைச் சேர்த்துக்கொள்கிறார்கள். குழந்தையின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்ப்பது நன்று.

நண்பர்களே, நான் சொன்னவற்றில் கடினமானது ஒன்றும் இல்லை. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள குழந்தை மருத்துவரின் பெயர், பதிவு எண், பார்க்கும் நேரம், இரவில் செல்லவேண்டிய மருத்துவமனை, காப்பீட்டு அட்டையின் எண், குழந்தையின் எடை ஆகியவற்றை எழுதி, வீட்டுச் சுவரில் பெரியவர்களுக்கு எட்டும் இடத்தில் ஒட்டுங்கள். மருந்துச் சீட்டுகளை ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இன்றும் இருக்கிறது. அதை முதலில் எழுதி ஒட்டியவள் என் அக்காளின் மகள். அன்று மூச்சு இரைத்துக் கிடந்த அதே குழந்தை.