ஊழியம் என்னும் சொல்லும் உழைப்பின் அறமும்: பொம்மபுர மரபு, கிறிஸ்துகுல ஆசிரமம், ஜே.சி. குமரப்பா – ஓர் ஒப்பீட்டு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அன்றாட உழைப்பையும் சமூகத் தொண்டையும் இறைவழிபாடாகக் கொள்ளும் கருத்து தமிழ்க் கிறித்தவச் சூழலில் எவ்வாறு வாழ்ந்துகாட்டப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. திருப்பத்தூர்க் கிறிஸ்துகுல ஆசிரமமும், பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் வாழ்வும் எழுத்தும் முதன்மைச் சான்றுகளாகின்றன. வீரசைவத்தின் காயகம், தாசோகம் ஆகிய கருத்துகள் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ‘உழைப்பே வழிபாடு’ என்பது உழைப்பவரை நோக்கி மட்டும் கூறப்படும்போது சுரண்டலுக்குத் துணைபோகலாம் என்பதும், அதன் பயனை நுகர்பவரையும் கணக்கு எழுதுபவரையும் நோக்கித் திரும்பும்போதே அது அறமாகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஊழியம், தொண்டு, காயகம், தாசோகம், கிறிஸ்துகுல ஆசிரமம், குமரப்பா, நிலைத்த பொருளாதாரம், உப்பளம்.

முன்னுரை

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ள கடலோர ஊர் பொம்மையார்பாளையம். இங்கிருந்து வடக்கே செல்லச் செல்ல மீனவக் குடியிருப்புகளும் கழுவெளி நீர்ப்பரப்பும் கடந்து மரக்காணத்து உப்பளங்கள் விரிகின்றன. தமிழ் இலக்கிய வரலாற்றில் இவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. மயிலம் முருகன் கோயிலைப் பேணிவரும் வீரசைவ மடமாகிய பொம்மபுர ஆதீனத்தின் மூலத்தலம் இதுவே. 17ஆம் நூற்றாண்டுப் புலவர் சிவப்பிரகாசர் இம்மடத்துச் சிவஞான பாலைய தேசிகர்மீது கலம்பகம், தாலாட்டு, நெஞ்சுவிடு தூது முதலிய சிற்றிலக்கியங்களைப் பாடியுள்ளார். கிறித்தவ சமயத்தை மறுத்து எழுதப்பட்ட ‘ஏசுமத நிராகரணம்’ என்னும் நூலும் அவருக்கு உரியதாகக் கூறப்படுகிறது. சில பாடல்கள் நீங்கலாக அந்நூல் இன்று கிடைக்கவில்லை.

ஆகவே, கிறித்தவமும் வீரசைவமும் எதிரெதிர் நின்று சொற்போர் நிகழ்த்திய நினைவு இக்கடற்கரைக்கு உண்டு. சமய ஆய்வுகள் இத்தகைய கண்டன நூல்களிலேயே பெரிதும் கருத்தைச் செலுத்தியுள்ளன. கொள்கை வாதத்தில் எதிர்நின்ற இரு சமயங்களும் ‘மனிதன் எவ்வாறு உழைக்க வேண்டும், உழைத்ததை எவ்வாறு பகிர வேண்டும்’ என்னும் வினாவிற்கு வரும்போது வியக்கத்தக்க வகையில் நெருங்கிவருகின்றன. இந்நெருக்கம் போதிய அளவு பேசப்படவில்லை. அதை எடுத்துக்காட்டுவதும், உப்பளத் தொழிலாளரின் வாழ்நிலையை உரைகல்லாகக் கொண்டு அதை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஊழியம்: ஒரு சொல்லின் இரு முகங்கள்

தமிழ்க் கிறித்தவர் வழக்கில் ‘ஊழியம்’ என்பது இறைப்பணியைக் குறிக்கும். போதகரும் மறைப்பணியாளரும் ‘ஊழியர்’ எனப்படுவர். ஆனால் 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் இதே சொல், ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்ட கூலியற்ற கட்டாய வேலையைக் குறித்தது. ‘தொண்டு’ என்னும் சொல்லும் அவ்வாறே. அடிமைத்தொழில் என்னும் பொருளையும் தாங்கி நின்ற அச்சொல்லைப் பத்தி இலக்கியம் ‘திருத்தொண்டு’ என உயர்த்தியது. மேலிருந்து திணிக்கப்படும்போது இழிவாகவும், தானே விரும்பி ஏற்கும்போது பெருமையாகவும் ஒரே சொல் பொருள்படுகிறது. உழைப்பைப் புனிதப்படுத்தும் எந்தச் சமயக் கருத்தும் இவ்விரு பொருளுக்கும் இடையிலுள்ள எல்லையைக் காணாமல் கடந்துவிடக் கூடாது.

அவ்வெல்லையை உணர்ந்த ஒரு முயற்சியை நாகர்கோவிலில் காணலாம். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் அங்குப் பெண்களுக்குப் பின்னல் சரிகை வேலையைக் கற்பித்தார். அடிமைநிலையில் இருந்த பெண்கள் சிலர் அவ்வேலையில் ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்றனர். அங்கு உழைப்பைச் சமயச் செயலாக்கியது உழைப்பின் கடுமையன்று. அதற்குக் கூலி கிடைத்ததும், அக்கூலி உழைத்தவரின் கைக்கே சென்றதும், அது அவரை விடுவித்ததுமே அதைச் சமயச் செயலாக்கின.

காயகமும் தாசோகமும்

12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பசவண்ணரைச் சூழ்ந்து எழுந்த சரணர் இயக்கம் இரு கருத்துகளை முன்வைத்தது. ஒன்று, காயகம்: தன் உடலுழைப்பால் நேர்மையாக ஈட்டுவதே வழிபாடு என்பது. மற்றொன்று, தாசோகம்: ஈட்டியதைச் சமூகத்தோடு பகிர்ந்துண்பது. தோல் தைப்பவர், படகோட்டுபவர், துணி வெளுப்பவர் எனப் பல தொழிலாளர் இவ்வியக்கத்தில் வசனம் பாடினர்.

இதன் நுட்பத்தை ஆய்தக்கி மாரய்யா, லக்கம்மா இணையரின் கதை காட்டும். முற்றத்தில் சிந்திய அரிசியைப் பொறுக்கிவந்து அடியார்க்கு அமுதளிப்பது மாரய்யாவின் காயகம். ஒருநாள் அவர் தேவைக்கு மிகுதியாகக் கொண்டுவர, அதை எடுத்த இடத்திலேயே போட்டுவருமாறு லக்கம்மா பணித்தார் என்பர். வேண்டியதற்கு மேல் சேர்ப்பது, அது அறச்செயலுக்காகவே ஆயினும், பேராசையே என்பது அவர் கருத்து. அல்லமப் பிரபுவின் வரலாறு கூறும் கன்னட நூலைச் சிவப்பிரகாசர் ‘பிரபுலிங்க லீலை’ எனத் தமிழில் தந்தமையால், இம்மரபின் நினைவு தமிழிலும் நிலைபெற்றது.

மேலைச் சீர்திருத்தக் கிறித்தவத்திலும் இதற்கு இணையான கருத்துண்டு. துறவியின் வாழ்வைப் போலவே செருப்புத் தைப்பவரின் தொழிலும் இறைவனின் அழைப்பே என மார்ட்டின் லூதர் கற்பித்தார். எனினும், அவ்வழியில் வளர்ந்த தொழிலறம் மூலதனத் திரட்சிக்குத் துணைநின்றது என மாக்ஸ் வேபர் 1904–05இல் வாதிட்டார். வேபர் சுட்டிய இடத்தில் லக்கம்மாவின் ‘போதும்’ என்னும் குரல் இல்லை. உழைப்பு புனிதமாயிற்று, ஆனால் சேர்ப்பதற்கு வரம்பு இல்லாதொழிந்தது. இந்த வரம்பைத் தமிழ்க் கிறித்தவர் சிலர் 20ஆம் நூற்றாண்டில் தம் வாழ்வின்வழி மீட்டெடுத்தனர்.

கிறிஸ்துகுல ஆசிரமம்

1921இல் திருப்பத்தூரில் மருத்துவர்களாகிய சவரிராயன் ஏசுதாசனும், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். இந்தியாவில் தோன்றிய முன்னோடியான சீர்திருத்தச் சபை ஆசிரமங்களுள் இது குறிப்பிடத்தக்கது. மணம் செய்யாமை, கதராடை, எளிய உணவு, மருத்துவப் பணி, கல்வி, வேளாண்மை ஆகியன இதன் வாழ்முறை. வழிபாட்டு இல்லமும் திராவிடக் கோயிற்கட்டடக் கலையைத் தழுவி எழுப்பப்பட்டது.

இங்கு நம் ஆய்வுக்கு முதன்மையானது ஒரு சிறு வழக்கு. ஏசுதாசன் ‘பெரியண்ணன்’ என்றும், பேட்டன் ‘சின்னண்ணன்’ என்றும் அழைக்கப்பட்டனர். வெள்ளையரை ‘துரை’ என அழைத்த காலத்தில், செல்வக் குடியில் பிறந்த ஓர் ஐரோப்பியர் தமிழரின் தம்பி நிலையை ஏற்றார். நோயாளிக்கு மருந்து தருவதோடு, தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையிலிருந்த உயர்வு தாழ்வை மாற்றுவதும் அவர்கள் கருதிய தொண்டில் அடங்கும். 1932இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தருகே கதராடையில் நின்ற பேட்டன் காவலரால் தாக்கப்பட்டார். அச்செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சென்றது. எளிய உடை என்பது வெறும் அடையாளமாக நின்றுவிடாமல், அதற்குரிய விலையையும் கேட்டது.

ஆயினும் ஒரு வரம்பை இங்கே சுட்ட வேண்டும். ஆசிரமத்தாரின் எளிமை அவர்கள் தேர்ந்துகொண்ட எளிமை. தேர்வின்றி வறுமையில் உழல்வோருக்கு அதை அப்படியே அறமாகக் கூற இயலாது. இவ்விடைவெளியைப் பொருளியல் வழியாக அணுகியவர் குமரப்பா.

குமரப்பா: கணக்கேட்டில் சமயம்

ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் 1892 சனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இலண்டனில் கணக்காயம் பயின்று பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்காவில் சிராகியூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றபோது இந்தியாவின் வறுமைக்கும் அரசின் நிதிக்கொள்கைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1929இல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தபின் அவர் வாழ்வு திசைமாறியது. கொர்னேலியஸ் என்னும் பெயரை விடுத்துக் குடும்பத்தின் பழைய பெயராகிய குமரப்பாவை ஏற்றார். பெயரை மாற்றினாரேயன்றிச் சமயத்தை மாற்றினாரல்லர்.

சட்டமறுப்பு இயக்கக் காலத்தில் கிறித்தவர் நிலைப்பாடு குறித்துக் கல்கத்தாப் பேராயர் பாஸ் வெஸ்ட்காட்டோடு அவர் வெளிப்படையாக வாதிட்டார். பேரரசின் வன்முறைக்கு முன் திருச்சபை வாளாவிருப்பது இயேசுவின் வழிக்கு ஒவ்வாது என்பது அவர் வாதத்தின் சாரம். 1934 சனவரி 15 அன்று நிகழ்ந்த பீகார் நிலநடுக்கத்திற்குப்பின், இராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியில் நிதிப் பொறுப்பை ஏற்றார். பொதுமக்கள் தந்த பணத்தில் ஒரு காசும் சிதறாமல் கணக்கு வைப்பதையே அவர் தம் தொண்டாகக் கொண்டார். கணக்காயம் என்னும் உலகியல் தொழிலே இங்கு வழிபாடாயிற்று. அவ்வாண்டே தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவின் மகன்வாடியில் எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, கையால் செய்யும் தாள், தேனீ வளர்ப்பு ஆகிய எளிய தொழில்களை ஆராய்ச்சிப் பொருளாக்கினார்.

1942 இயக்கத்தில் சிறைப்பட்டபோது எழுதிய இரு நூல்கள் 1945இல் வெளிவந்தன. ஒன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. மற்றொன்று இயேசுவின் நடைமுறையும் போதனையும் பற்றியது. இரண்டிற்கும் காந்தியே முன்னுரை வழங்கினார். ஒரே சிறையில் பிறந்த இவ்விரு நூல்களையும் தனித்தனியே படிப்பதே பொதுவழக்காக உள்ளது. இணைத்துப் படிப்பதே பொருத்தமாகும்.

முதல் நூலில் அவர் பொருளாதார வாழ்வை ஐந்தாக வகுக்கிறார். பிற உயிரைக் கொன்று வாழும் புலி ஒட்டுண்ணி நிலைக்கும், நட்டுவளர்க்காமலே மாந்தோப்பில் கனி பறிக்கும் குரங்கு கொள்ளை நிலைக்கும், தானே கூடு கட்டும் பறவை முயற்சி நிலைக்கும், கூட்டத்திற்காகத் தேன் சேர்க்கும் தேனீ கூட்டுறவு நிலைக்கும், கைம்மாறு கருதாமல் குஞ்சைப் பேணும் தாய்ப்பறவை தொண்டு நிலைக்கும் சான்றுகள். இவ்வரிசை பொருளியல் வகைப்பாடாகத் தோன்றினும், உள்ளே ஒழுக்கப் படிநிலையாகவே இயங்குகிறது. அன்பையும் பிறர்க்குத் தன்னை அளித்தலையும் இயேசுவின் வாழ்வில் கண்ட அவர், அதையே பொருளாதாரத்தின் உச்சியில் வைத்தார் எனக் கொள்ள இடமுண்டு.

உழைப்பைப் பற்றிய அவர் கருத்தும் கூர்மையானது. எந்த வேலையிலும் சலிப்பூட்டும் கூறும் படைப்பின்பம் தரும் கூறும் கலந்தே இருக்கும். சலிப்பை ஒருவருக்கும் இன்பத்தை மற்றொருவருக்கும் பிரித்தளிக்கும் ஏற்பாடு இருவரையும் கெடுக்கும். மேலும், ஒரு பொருளை வாங்குபவர் அது உருவான முறைக்கும் பொறுப்பாளி என்று அவர் வலியுறுத்தினார். சுரண்டலில் விளைந்த பொருளை அறிந்தே வாங்குபவர் அச்சுரண்டலில் பங்கு கொள்கிறார். லக்கம்மாவின் கேள்வி மிகுதியாகச் சேர்ப்பவரை நோக்கியது. குமரப்பாவின் கேள்வி மலிவாக வாங்குபவரை நோக்கியது. இரண்டும் ஒரே அறத்தின் இரு முனைகள். பிற்காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்த அவர், 1960 சனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே நாளில், மறைந்தார்.

உப்பளம் என்னும் உரைகல்

‘உப்பு’ கிறித்தவ மறையில் அடியாருக்குரிய உருவகம். தமிழிலோ அது உழைப்பின் வரலாறு. உமணர் வண்டிகளில் ஏற்றிச் சென்ற உப்பு நெல்லுக்கு நேராக மாற்றப்பட்டதை அகநானூற்றுப் பாடல்கள் காட்டுகின்றன. மரக்காணக் கரையில் இன்றும் அத்தொழில் தொடர்கிறது. உவர்நீரைத் தேக்கி, வெயிலில் படிப்படியாக அடர்த்தியேற்றி, போமே அளவையில் ஏறத்தாழ 25ஐ எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். அதைக் கடந்து அடர்த்தி ஏறினால் கசப்பு உப்புகளும் கலந்துவிடும். ஆகவே எஞ்சிய நீரை உரிய நேரத்தில் வெளியேற்ற வேண்டும். இது நுண்ணறிவு வேண்டும் தொழில். ஆயினும் சமூக மதிப்பில் அது ‘கூலிவேலை’ என்றே எண்ணப்படுகிறது. வெண்பரப்பின் கண்கூசும் ஒளி, காலில் உவர்நீர்ப் புண், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேலையின்மை ஆகியன இத்தொழிலாளரின் அன்றாட நிலை. தூத்துக்குடி உப்பளத்தாரின் இத்தகு துயரை ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவல் பதிவுசெய்தது. மழைக்கால வேலையிழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தை அண்மை ஆண்டுகளில் நடைமுறைப்படுத்தியுள்ளது.

இத்தொழிலாளரிடம் சென்று ‘உன் உழைப்பே வழிபாடு’ எனக் கூறுவது எளிது. அக்கூற்று ஆறுதலாகலாம், ஆனால் குறைந்த கூலியை இறைவிருப்பமாக ஏற்கச் செய்யும் கருவியாகவும் ஆகலாம். அப்போது ‘ஊழியம்’ தன் பழைய பொருளுக்கே திரும்பிவிடுகிறது. குமரப்பாவின் வழியில் நோக்கின், கேள்வி பாத்தியில் நிற்பவரிடமிருந்து தொடங்குவதில்லை. உப்பை வாங்கும் வணிகர், கூலிப்பதிவை எழுதும் கணக்கர், சமையலறையில் உப்பிடும் நம்மைப் போன்றோர் ஆகியோரிடமிருந்து தொடங்குகிறது. இறைநம்பிக்கையின் மெய்ம்மை உழைப்பவரின் பொறுமையால் அன்று, உழைப்பின் பயனைப் பெறுபவரின் நேர்மையால் அளக்கப்படும்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஊழியம், தொண்டு ஆகிய சொற்கள் கட்டாயம், விருப்பம் என்னும் இரு பொருள்களையும் சுமப்பதால், அவற்றைச் சமய உரையில் ஆள்வோர் கூலி, விடுதலை ஆகியவற்றைப் பற்றிய கேள்வியைத் தவிர்க்க இயலாது. இரண்டாவது, கண்டன நூல்கள் காட்டும் பகைமைக்கு அப்பால், காயக–தாசோகக் கருத்தும் குமரப்பாவின் கிறித்தவப் பொருளியலும் ‘போதும்’ என்னும் வரம்பிலும் பகிர்விலும் ஒன்றுபடுகின்றன. மூன்றாவது, கிறிஸ்துகுல ஆசிரமம் உறவுமுறையையும் குமரப்பா கணக்கையும் சமயச் செயலாக மாற்றிக் காட்டினர்; எனவே தொண்டு என்பது ஓய்வுநேர ஈகையன்று, தொழிலைச் செய்யும் முறையே ஆகும்.

பொம்மபுர மடத்தின் சிற்றிலக்கியங்களையும் இக்கடற்கரைத் தொழிலாளரின் வாய்மொழி வழக்காறுகளையும் ஒருங்கே வைத்து ஆராயும் களப்பணி இனி மேற்கொள்ளப்பட வேண்டும். உப்பை அறத்திற்கு உருவகமாக்கிய சமயங்கள் உப்பு விளைவிப்போரைப் பற்றி என்ன கூறின என்னும் வினாவிற்கு அக்களமே விடை தரும்.