கடல் இறங்கினால்தான் பயணம்!

தார் இல்லை, சிக்னல் இல்லை, நடுவில் வெள்ளைக் கோடும் இல்லை. ஆனாலும் அது சட்டப்படி ஒரு நெடுஞ்சாலை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கும் கர்ரி தீவின் '75 மைல் கடற்கரை'யில் 80 கி.மீ வேகம் வரை கார் ஓட்டலாம். சீட் பெல்ட் கட்டாயம். குடித்துவிட்டு ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். சின்ன விமானங்களும் இதே மணலில்தான் இறங்கும். அப்போது ஒதுங்கி வழிவிட வேண்டும்!

ஃப்ரேசர் தீவு என்று நாம் கேள்விப்பட்ட இடம்தான் இது. பட்சுல்லா பழங்குடி மக்கள் வைத்த பழைய பெயர் 2023-ல் அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது. 120 கி.மீ-க்கும் மேல் நீளம். உலகின் மிகப்பெரிய மணல் தீவு. 1992-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பிரிஸ்பேனிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டினால் ரெயின்போ பீச். அதன் பக்கத்தில் இன்ஸ்கிப் முனையில் காரோடு பார்ஜில் ஏறினால், சில நிமிடங்களில் அக்கரை. பிரிஸ்பேன்வாசிகள் நான்கைந்து குடும்பமாகச் சேர்ந்து கூடாரம் போடப் போவது இங்கே வழக்கம். ஆனால் சாதாரண கார் செல்லாது. ஃபோர் வீல் டிரைவ் வேண்டும். வாகனத்துக்கும் கூடாரத்துக்கும் முன்கூட்டியே பெர்மிட் எடுக்க வேண்டும். ஊரிலிருந்து போகிறவர்கள் வாடகைக்கு எடுப்பதென்றால், 'மணலில் ஓட்ட அனுமதி உண்டா?' என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். பல வாடகை கார்களுக்கு அது கிடையாது.

தேதி குறிக்கும்போது எல்லோரும் லீவைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை. கடல் முழுதாக ஏறும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் கடற்கரையில் வண்டி ஓட்டக் கூடாது. காலை 10 மணிக்குக் கடல் நன்றாக இறங்குகிறது என்றால், மாலை 4 மணியை ஒட்டி ஏறி நிற்கும். அப்படியென்றால் 2 மணிக்குள் நீங்கள் கூடாரம் போடும் இடத்தில் இருக்க வேண்டும். நான்கு குடும்பம் சேர்ந்தால் காலை 6 மணி என்பது 8 மணி ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? அந்த இரண்டு மணி நேரத்தைக் கடல் தராது. ஒரு பக்கம் மணல்மேடு, மறுபக்கம் அலை, நடுவில் சக்கரம் புதைந்த கார். இன்ஜினுக்குள் உப்புத் தண்ணீர் போனால் அந்த வண்டியின் கதை முடிந்தது.

இன்னொரு விஷயம். இந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வந்தபோது காலை 10 மணி வசதியாக இருந்ததே என்று, ஒரு வாரம் கழித்து அதே 10 மணிக்குத் திரும்பப் பார்த்தால், கடல் முழுதாக ஏறி நிற்கும். திரும்பும் நாளின் நேரத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு பார்ஜைத் திட்டமிடுங்கள்.

மணலில் இறங்கும் முன் டயர் காற்றைக் குறைக்க வேண்டும். 35 பி.எஸ்.ஐ. இருந்தால் 20-க்குக் கொண்டுவாருங்கள். டயர் தட்டையாகி அதிக இடத்தில் பதியும், எடை பரவும், புதையாது. ஒவ்வொரு வண்டியிலும் காற்றழுத்தம் பார்க்கும் கருவி இருக்கட்டும். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு நான்கு வண்டி வரிசையில் நின்றால் அதிலேயே அரை மணி போய்விடும். மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் செருகும் பலகைகள், இழுக்கும் பட்டை ஆகியவையும் வேண்டும். மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். இன்னும் ஆழமாகத்தான் இறங்கும். அனுபவசாலி ஓட்டும் வண்டி முன்னால் போகட்டும். ஓடைகள் கடலில் சேரும் இடங்களில் மணலை அறுத்து திடீர்ப் பள்ளம் உண்டாக்கியிருக்கும். தூரத்திலிருந்து அது தெரியாது.

இனி டிங்கோ. ஆஸ்திரேலியக் காட்டு நாய். பார்த்தால் நம் தெருவில் படுத்திருக்கும் செவலை நாய் போலவே இருக்கும். அங்கேதான் ஆபத்து. வாசலில் வந்து நிற்கும் நாய்க்கு ஒரு வாய் சோறு வைப்பது நம் வீட்டுப் பழக்கம். இந்தத் தீவில் அது குற்றம். பெரிய தொகை அபராதம். ஒரு குடும்பம் மிச்சமான சிக்கனைத் தூக்கிப் போட்டால், அடுத்த கூடாரத்துக் குழந்தையிடமும் அந்த டிங்கோ உணவை எதிர்பார்த்து வரும். 2001-ல் 9 வயதுச் சிறுவன் ஒருவன் டிங்கோக்கள் தாக்கி இறந்தான். அதன்பிறகு அரசு பல டிங்கோக்களைக் கொன்றது. மனிதரிடம் பழகிய டிங்கோவுக்குப் பெரும்பாலும் இதுதான் முடிவு.

குழுப் பயணத்தில் 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று எல்லோரும் நினைப்பார்கள். பத்துப் பிள்ளைகள், எட்டுப் பெரியவர்கள், ஆனால் யாரும் பார்க்கவில்லை என்றாகிவிடும். ஆகவே எந்த மணியில் யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். பிள்ளைகள், பதின்வயதினர் உட்பட, கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கழிப்பறைக்கும் துணையோடு போகட்டும். டிங்கோ எதிரில் வந்தால் ஓடக் கூடாது. ஐஸ் பெட்டி, மசாலா டப்பா, குப்பை எல்லாம் பூட்டிய காருக்குள். கூடாரத்துக்குள் பிஸ்கட் பாக்கெட்கூட வேண்டாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் டண்டுபரா, சென்ட்ரல் ஸ்டேஷன், வாடி பாயின்ட் ஆகிய வேலி போட்ட முகாம்களில் இடம் பிடிப்பது நல்லது. மணல் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் திறந்த முகாம்கள் அழகுதான். ஆனால் அங்கே வேலியும் இல்லை, கழிப்பறையும் இல்லை.

விறகு அடுப்புக் கனவும் வேண்டாம். பெரும்பாலான இடங்களில் தடை. கேஸ் அடுப்பே போதும்.

கடலில் குளிக்காதீர்கள். சுறா உண்டு, உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு. அதற்குத்தான் ஈலை ஓடை இருக்கிறதே! தெளிந்த நன்னீரில் ரப்பர் ட்யூபில் மிதந்து வரலாம். வழியில் 1935 புயலில் கரை ஒதுங்கிய 'மஹினோ' கப்பலின் துருப்பிடித்த எலும்புக்கூடு. தீவின் உள்ளே பூரங்கூரா என்ற மெக்கன்சி ஏரி. மழைநீர் மட்டுமே நிரம்பிய நீலமும் வெள்ளை மணலும். ஏரிக்கரைக்கு உணவு எடுத்துப்போக அனுமதி இல்லை.

தீவின் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. கடல் நேரங்களைத் தாளில் எழுதி ஒவ்வொரு காரிலும் ஒட்டிவிடுங்கள். கரை திரும்பியதும் டயரில் மறுபடி காற்றடித்து, வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு இருந்தால் அரிக்கத் தொடங்கிவிடும்.