கடலோடிகள் கட்டிய கோயில்

கிள்ளானில் 1928-இல் கட்டப்பட்ட லூர்து மாதா கோயிலையும், பிரிக்பீல்ட்சில் இருக்கும் ஜெபமாலை மாதா கோயிலையும் நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆனால் தமிழ்நாட்டுக்குப் புறப்படும் தோட்டத்துக் குடும்பங்கள், "வேளாங்கண்ணிக்கு எப்படிப் போவது?" என்றுதான் விசாரிக்கின்றன. கேட்பவர்கள் கிறிஸ்துவர்கள் மட்டுமல்லர். மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர்களும் கேட்கிறார்கள்.

அந்தக் கோயிலின் கதை கடலில் தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துகீசிய மாலுமிகள் வங்கக் கடலில் புயலில் சிக்கி, மாதாவை வேண்டிக்கொண்டு இந்தக் கரையில் ஒதுங்கினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. உயிர் தப்பிய நன்றிக்காகச் சிற்றாலயம் ஒன்று கட்டினார்கள். மறுமுறை வந்தபோது பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து பதித்தார்களாம். பீடத்தருகே அவற்றை இன்றும் பார்க்கலாம். 1962-இல் போப்பாண்டவர் இதைப் பசிலிக்கா என்ற தகுதிக்கு உயர்த்தினார்.

நமக்கும் அந்தக் கரைக்கும் உள்ள உறவு வேறு. வேளாங்கண்ணியிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 12 கிலோமீட்டர்தான். பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோர் பலர் கப்பலேறியது அந்த நாகப்பட்டினத்தில். கப்பல் கடலில் தள்ளி நிற்கும். கரையிலிருந்து படகில் போய் ஏறவேண்டும். மூட்டை ஒரு கையில், பிள்ளை ஒரு கையில். அப்படி ஏறியவர்கள், திரும்பி வந்தால் மாதாவுக்கு மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டதில் வியப்பில்லை. எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்கள் வைத்த கடனைப் பேரப்பிள்ளைகள் இன்று போய்த் தீர்க்கிறார்கள். 1973 வரை ரஜூலா கப்பல் இந்தக் கரைகளுக்கிடையே ஓடியது. இப்போது திருச்சிக்கு விமானத்தில் போய், தஞ்சாவூர் வழியாகப் பஸ் பிடித்தால் போதும்.

அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், தேங்காய் கட்டுகிறார்கள், மணல் பாதையில் முழந்தாளிட்டே போகிறார்கள். நோய் தீர்ந்தவர்கள் வெள்ளியில் கை, கால் செய்து போடுகிறார்கள். செருப்பைக் கழற்றுங்கள், பூசை நடக்கும்போது படம் பிடிக்காதீர்கள். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. பார்க்க அழகுதான், ஆனால் முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் அந்த நெரிசலில் கொண்டுபோக நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது, கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலர் அந்தக் கடற்கரையில்தான் மாண்டார்கள். கோயில் நின்றது. பிள்ளைகளைக் கடலில் குளிக்க விடும்போது கையை விடாதீர்கள்.