பார்சலில் வரும் அடைமுட்டை: ஒரு நாள் பொறுத்தால் குஞ்சு தப்பும்

சிறுவிடை, அசில், கடக்நாத் என்று நல்ல இனக் கோழி வேண்டுமென்றால், இப்போது வெளியூரிலிருந்து அடைமுட்டையைப் பார்சலில் வரவழைத்துவிடுகிறார்கள். ஆனால் 21 நாள் காத்திருந்தும் பத்து முட்டையில் இரண்டோ மூன்றோதான் பொரித்தால் தகராறு தொடங்கிவிடும். ‘கூமுட்டையைத் தலையில் கட்டிவிட்டார்’ என்பார் வாங்கியவர். ‘உங்கள் பொரிப்பான் சரியில்லை’ என்பார் விற்றவர். இருவர் மீதும் தவறில்லாமல் முட்டை வழியிலேயே கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

வழியில் என்ன நடக்கிறது?

கருவுற்ற முட்டை சுமார் 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் கரு மெல்ல வளரத் தொடங்கும். திருவண்ணாமலையின் கோடை வெயிலில் மூடிய வண்டிக்குள் இருக்கும் சூடு இதற்குப் போதும். இப்படி அரைகுறையாக வளர்ந்து நின்ற கரு, பிறகு அடை வைத்தாலும் பிழைப்பது அரிது.

அடுத்தது குலுக்கல். முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை, வண்டி ஆட்டத்தில் இடம் பெயர்ந்துவிடும். இருட்டறையில் டார்ச் ஒளியில் முட்டையைச் சாய்த்துப் பார்த்தால், காற்றறையின் நிழல் நகர்வது தெரியும்.

வாங்கும்போது

* இட்டு ஏழு நாளுக்கு உட்பட்ட முட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.
* கூர்முனை கீழே இருக்குமாறு, ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியாகச் சுற்றி, உமி அல்லது மரத்தூள் நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள்.
* இரவில் கிளம்பி விடியலில் வந்து சேரும் வண்டியே நல்லது. பௌர்ணமி கிரிவலம், கார்த்திகை தீப நாள்களில் ஊரே நெரிசலாக இருக்கும். பார்சல் தாமதமாகலாம் என்பதால் அந்த நாள்களைத் தவிருங்கள்.
* தாய்க்கோழிகளின் நலத்தைக் கேட்டறியுங்கள். சில நோய்கள் முட்டை வழியாகவே குஞ்சுக்குப் பரவும்.

வந்து சேர்ந்ததும்

பெட்டியைப் பிரித்த கையோடு பொரிப்பானில் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. விரிசல் விட்டதை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை அகன்ற முனை மேலே இருக்குமாறு அட்டைத் தட்டில் நிறுத்தி, நிழலான குளிர்ந்த இடத்தில் 12 முதல் 24 மணி நேரம் அசையாமல் வையுங்கள். முட்டையைக் கழுவக் கூடாது.

காற்றாடி உள்ள பொரிப்பானில் வெப்பம் 37.5 டிகிரி, ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். காற்றறை நகர்ந்த முட்டைகளை முதல் இரண்டு மூன்று நாள் திருப்பாமல் நிறுத்தியே வைத்து, பிறகு மெதுவாகச் சாய்த்துத் திருப்பலாம். 18-ம் நாளுக்குப் பிறகு திருப்ப வேண்டாம். ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதமாக உயர்த்துங்கள். மின்வெட்டுக்குப் பயந்தால் அடைக்கோழியே துணை. அதன் உடல் அளவைப் பொறுத்து 10 முதல் 12 முட்டை வைக்கலாம்.

யார் மீது தவறு?

ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒன்றுமின்றித் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் கருவுறாத முட்டை. இதை விற்றவரிடம் கேட்கலாம். ரத்த வளையம் தெரிந்தால், கரு உருவாகித் தொடக்கத்திலேயே இறந்திருக்கிறது. பயணச் சூடு, நாள்பட்ட முட்டை, பொரிப்பானில் வெப்பம் தவறியது ஆகிய மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். முழுக்குஞ்சாகி ஓட்டுக்குள்ளேயே இறந்தால், முதலில் நம் பொரிப்பானின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சோதிப்பதே முறை.

எல்லாம் சரியாகச் செய்தாலும், பயணப்பட்ட முட்டையில் பாதி பொரித்தாலே நல்ல பலன்தான். அதைக் கணக்கில் வைத்தே முட்டைக்கு விலை பேசுங்கள். தொலைதூரம் என்றால் ஒரு நாள் வயதுக் குஞ்சாக வாங்குவதையும் யோசிக்கலாம். வயிற்றில் மிஞ்சிய மஞ்சள் கரு, இரண்டு மூன்று நாள் அதற்குத் தீனியாகும். ஆனால் வெயில் குஞ்சுக்கும் ஆகாது. சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ, கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.