நாரியில் விழுந்த முழங்கால்

மாலை நாலரைக்குப் பிறகு மட்டக்களப்பு வாவியின் எந்தக் கரையில் நின்றாலும் ஏதோவொரு பக்கமிருந்து பந்துச் சத்தம் கேட்கும். எழுவான்கரையில் ஏறாவூர், காத்தான்குடி, ஆரையம்பதி. படுவான்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை. நகருக்குள் வெபர் மைதானம். ஆவணி வெயிலில் ஊர் மைதானங்களின் தரை சீமெந்துபோல இறுகிக் கிடக்கும். அந்தத் தரையில் இரண்டு பெடியன்கள் ஒரே பந்துக்குத் தலை கொடுக்க எழும்புவார்கள். ஒருவன் காலில் இறங்குவான். மற்றவன் நாரி அடிபட மல்லாக்க விழுவான்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான். ஒருவன் கமக்கட்டில் கை கொடுத்துத் தூக்குவான். இன்னொருவன் இரண்டு கால்களையும் பிடித்து முழங்காலை நெஞ்சோடு அமத்துவான். "ஒண்டுமில்ல மச்சான், எழும்பு. மறுகா சரியாகிடும்" என்று ஒரு குரல். எழும்ப முடியவில்லை என்றால் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் இருத்தி, குழிகளில் குலுக்கிக் குலுக்கி வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். அன்பால் செய்கிற வேலைதான். ஆனால் விழுந்ததில் தப்பிய நரம்பு இந்த அன்பில் போய்விடலாம்.

ஸஹர் நேரத்தில் வந்த செய்தி

2014 உலகக் கிண்ணக் காலிறுதி. பிரேசிலும் கொலம்பியாவும் ஃபோர்டலேசா நகரில் ஜூலை 4 மாலை ஆடின. நமக்கு அது 5ஆம் திகதி விடியப்புறம். நோன்பு மாதம் என்பதால் ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் ஸஹருக்கு விழித்த வீடுகளில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது, கொலம்பியாவின் சூனிகா பின்னாலிருந்து பாய்ந்து விழ, அவருடைய முழங்கால் பிரேசில் வீரர் நெய்மரின் நாரியில் ஏறியது. கால்களை உணர முடியவில்லை என்று ஓடிவந்த சக வீரர் மார்செலோவிடம் நெய்மர் சொன்னதாகப் பிறகு செய்தி வந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடத்தி வெளியே கொண்டுபோனார்கள். நாரியின் மூன்றாவது முள்ளென்பில் முறிவு. வயது 22.

நான்கு நாளில் பிரேசில் ஜேர்மனியிடம் 7க்கு 1 என்று தோற்றது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆகஸ்ட் 18ஆம் திகதி நெய்மர் பார்சிலோனா சட்டையோடு மைதானத்தில் இறங்கி இரண்டு கோல் அடித்தது அவ்வளவாக நினைவில் இல்லை. முள்ளந்தண்டு முறிந்து 45ஆம் நாள். சத்திரசிகிச்சை எதுவும் இல்லை.

இந்தக் கணக்கைத்தான் நம் பெடியன்கள் பிடித்துக்கொள்கிறார்கள்: "நெய்மர் ஒண்டரை மாசத்தில வந்திட்டார், நமக்கென்ன?" அவருக்கு எந்த எலும்பின் எந்த மூலை முறிந்தது என்பதை யாரும் கேட்பதில்லை.

மீன் முள்ளில் ஒரு பாடம்

மத்தியானம் சோற்றோடு ஒரு வாவி மீனைத் தின்று முடித்ததும் அதன் நடுமுள்ளை எறிந்துவிடாமல் பாருங்கள். நடுவில் சின்னச் சின்ன உருளைகள் கோத்ததுபோல இருக்கும். அவற்றிலிருந்து மெல்லிய முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நம் முள்ளந்தண்டும் ஏறக்குறைய அந்தக் கட்டுத்தான். கழுத்தில் 7, நெஞ்சறையில் 12, நாரியில் 5 முள்ளென்புகள். பாரம் தாங்குவது உருளை. அதற்குப் பின்னால் உள்ள வளையத்துக்குள் நரம்புகள் ஓடுகின்றன. இரண்டு பக்கமும் சிறகுபோல நீட்டி நிற்பது குறுக்குமுளை. தசைகள் பற்றிக்கொள்ளும் கொழுக்கி அது.

நெய்மருக்கு முறிந்தது அந்தச் சிறகு. உருளை நொறுங்கவில்லை, வளையம் உடையவில்லை. குறுக்குமுளை மட்டும் முறிந்தால் வலி உயிரை எடுக்கும், ஆனால் முள்ளந்தண்டு குலையாது. நாரிப்பட்டி, வலிமருந்து, ஓய்வு, நான்கு முதல் ஆறு கிழமை. பெரும்பாலும் அதோடு சரி. அடி இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் உள்ளே பட்டிருந்தால் சக்கர நாற்காலியில் இருந்திருக்கலாம் என்று நெய்மரே பின்னர் செய்தியாளர்களிடம் கண்ணீரோடு சொன்னார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குறுக்குமுளையை உடைக்கும் வேகத்தில் வரும் அடி, பக்கத்தில் இருக்கும் சிறுநீரகத்தையும் தாக்கலாம். அதனால்தான் நாரியில் பலத்த அடி என்று போனால் வைத்தியர்கள் சிறுநீரில் இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். "நாரி நோவுக்கு எதுக்கு மூத்திரம் கேக்கிறாங்க?" என்று முகம் சுளிக்க வேண்டாம்.

கழுத்து முறிந்தும் ஆடியவர்

1956 மே 5, வெம்பிளியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம். மான்செஸ்டர் சிட்டியின் கோல்காப்பாளர் பெர்ட் ட்ரவுட்மன், ஒரு ஜேர்மானியர், போர்க்கைதியாக அந்த நாட்டுக்கு வந்தவர். பேர்மிங்ஹாம் வீரர் ஒருவரின் காலில் பாய்ந்தபோது கழுத்தில் அடிபட்டது. அந்தக் காலத்தில் மாற்று வீரர் இல்லை. மீதி 17 நிமிடமும் நின்று ஆடினார். அணி 3க்கு 1 என்று வென்றது. முதலில் பார்த்தவர்கள் கழுத்துப் பிடிப்பு என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கழுத்தின் இரண்டாவது முள்ளென்பு இரண்டாகப் பிளந்திருப்பது தெரிந்தது. மூன்றாவது என்பு வந்து ஆப்புப்போல இறுகியிருந்ததால் ஆள் தப்பினார்.

இதை வீரக்கதையாகத்தான் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அதில் அதிர்ஷ்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பந்து கையில் இல்லாதபோது தலையைக் கையால் தாங்கிக்கொண்டு நிற்பவரைக் கைதட்டி உற்சாகப்படுத்துவது விளையாட்டு ரசனை என்றும் தோன்றவில்லை.

அடிபடாமலே முறியும் எலும்பு

பெற்றோரும் பாடசாலைப் பயிற்றுநர்களும் கட்டாயம் அறிய வேண்டியது இது. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்குள் நாள்தோறும் ஆடும் பிள்ளைகளுக்கு, யாரும் இடிக்காமலே நாரியில் எலும்பு வெடிக்கலாம். பந்தை ஓங்கி உதைக்கும்போது உடம்பு பின்னால் வளைந்து, அதே வேகத்தில் ஒரு பக்கம் திரும்புகிறது. ஒரு கம்பியை அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும்? முள்ளென்பின் பின்வளையத்தில் மெல்லிய பகுதி ஒன்று உண்டு. பெரும்பாலும் ஐந்தாவது நாரி முள்ளென்பில், அந்த இடத்தில்தான் மயிர்வெடிப்பு விழும். வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் வருவது இந்த வகைத் தேய்முறிவுதான். நாரியில் அப்படியான முறிவால் 2022 T20 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தைத் தவறவிட்ட இந்திய வீரர் ஜஸ்பிரித் பும்ரா, 2023 மார்ச்சில் சத்திரசிகிச்சை செய்து, ஆகஸ்டில்தான் மீண்டும் போட்டியில் பந்து வீசினார்.

அடையாளம் எளிது. குனிந்தால் பரவாயில்லை, நிமிர்ந்து பின்னால் வளைந்தால் நாரியில் ஒரு பக்கம் குத்தும். ஆடும்போது கூடும், ஓய்ந்தால் குறையும். ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாயச் சொன்னால் பிள்ளை முகத்தைச் சுளிக்கும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும். "எக்ஸ்ரே கிளியர்" என்று ஒரு துண்டைக் காட்டி அடுத்த கிழமை வலயப் போட்டிக்கு இறக்குவதில்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் ஏறத்தாழ மூன்று மாதம் பந்தைத் தொடாமல் இருந்தாலே பெரும்பாலானோர் ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதம் என்பது ஒரு யுகம், அதுவும் தெரியும்.

அடியால் வரும் முறிவு, தேய்முறிவு இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது வகை இடைத்தட்டில் வருவது, நாம் டிஸ்க் என்று சொல்வது. அது பிதுங்கி நரம்பை நெரித்தால் குண்டியிலிருந்து பாதம்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு இழுவை. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் கத்தி படாமலே தணியும்.

விழுந்த இடத்தில் முதல் பத்து நிமிடம்

தூக்காதீர்கள். இருத்தாதீர்கள். தண்ணீர் குடிக்கத் தலையை உயர்த்தாதீர்கள். ஒருவர் தலைமாட்டில் முழங்காலிட்டு இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஸ்ட்ரெச்சரும் பயிற்சி பெற்றவர்களும் கூடவே வருவார்கள். காத்திருக்கும்போது இரண்டு கேள்வி போதும்: கால்விரலை ஆட்ட முடிகிறதா? நான் தொடுவது தெரிகிறதா?

அம்புலன்ஸ் வரவே வழியில்லாத இடம் என்றால் கதவுப் பலகையோ அகலமான வாங்குப் பலகையோ தேடுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து, தலை பிடித்தவர் எண்ணிச் சொல்ல, மரக்குற்றியை உருட்டுவதுபோல உடம்பு முறுகாமல் ஒரே வீச்சில் பக்கவாட்டில் திருப்பி, பலகையைச் செருகிக் கிடத்த வேண்டும். போவது லொறியிலோ லேண்ட்மாஸ்டரிலோ ஆனாலும் படுத்தபடியே போகட்டும். மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் இதற்கு ஆகாது.

ஒருநாளும் விடியட்டும் என்று இருக்கக்கூடாத சில அறிகுறிகள் உண்டு. சிறுநீர் போகாமல் அடைப்பது, அல்லது தெரியாமலே போய்விடுவது. சைக்கிள் சீற்றில் படும் இடம் மரத்துப்போவது. இரண்டு காலும் பலமிழப்பது. நாரியின் கீழ்ப்பகுதியில் குதிரைவால்போலத் தொங்கும் நரம்புக்கற்றை நெரிபடுகிறது என்று அர்த்தம். விழுந்தவருக்கும் டிஸ்க் நோயாளிக்கும் இது பொது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அந்த நேரமே போக வேண்டும். இதில் மணித்தியாலங்கள்தான் கணக்கு.

எண்ணெய் போட்டு உருவலாமா?

முறிவு வைத்தியரிடம் போவதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். தசைப்பிடிப்புக்குச் சூட்டெண்ணெய் சுகம் தரும், என் வீட்டிலும் போத்தல் இருக்கிறது. ஆனால் எக்ஸ்ரே எடுக்குமுன் நாரியை முறுக்கி நெட்டி எடுப்பதும், குப்புறக் கிடத்திச் சின்னப் பிள்ளையை ஏற்றி மிதிக்க விடுவதும் வேண்டவே வேண்டாம். அதைவிட மோசமானது, ஆட்டத்துக்கு முன் வலி ஊசி போட்டுக்கொண்டு இறங்குவது. வலி என்பது உடம்பின் விசில். விசிலை அடைத்தால் ஃபவுல் நின்றுவிடாது.

கிறவுண்டுக்குத் திரும்பும் வழி

நோ போவது வேறு, எலும்பு பொருந்துவது வேறு, தசை பழைய பலத்துக்கு வருவது வேறு. மூன்றும் ஒரே நாளில் நடப்பதில்லை. தொழில்முறைக் கழகங்களில் வைத்தியரும் இயன்மருத்துவரும் இந்த மூன்றையும் தனித்தனியே அளக்கிறார்கள்.

அங்கும் மாதக் கணக்குக்குப் பின்னால் காசு நிற்கும் என்பது வேறு கதை. பார்சிலோனாவின் கோல்காப்பாளர் டெர் ஸ்டேகன் 2023 டிசம்பரில் நாரியில் சத்திரசிகிச்சை செய்து இரண்டு மாதத்தில் திரும்பினார். 2025 ஜூலையில் மீண்டும் செய்ய வேண்டி வந்தது. மூன்று மாதத்தில் வருவேன் என்றார் அவர். லீக் விதிப்படி நான்கு மாதத்துக்கு மேல் என்று வைத்திய அறிக்கை இருந்தால்தான் கழகம் அவர் சம்பளத்தின் பெரும்பகுதியைக் காட்டிப் புதிய வீரரைப் பதிவுசெய்யலாம். இழுபறி முற்றி, அவருடைய அணித்தலைவர் பதவியையே பறித்து, மறுநாள் திருப்பிக் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் ஆடுபவருக்குப் படுத்திருந்தாலும் மாதச் சம்பளம் வரும். ஊர்க் கழகத்துப் பெடியனுக்கு யார் தருவார்? பந்தை விட்டிருப்பான், ஆனால் மண் லோட் ஏற்றப் போவான், தோணி தள்ளுவான், 50 கிலோ உர மூட்டையைத் தோளில் ஏற்றுவான். நாரிக்குப் பந்தைவிட இந்த மூட்டை பொல்லாதது. எனவே வைத்தியரிடம் "எப்ப விளையாடலாம்?" என்று கேட்பதற்கு முன் "எப்ப பாரம் தூக்கலாம்?" என்று கேளுங்கள். கழகங்கள் கிண்ணத்துக்குச் சேர்க்கும் காசில் கொஞ்சத்தை இப்படிப்பட்டவனுக்கு ஒதுக்கினால் நல்லது.

நாட்கணக்காகப் படுத்தே கிடப்பதும் தவறு. முறிவு இல்லை, வெறும் பிடிப்பு என்றால் ஓரிரு நாளில் எழும்பி நடக்க வேண்டும். முறிவு என்றால் வைத்தியர் சொல்லும் நாளில் நடை தொடங்கும். பிறகு வயிறு, நாரி, குண்டித் தசைகளைக் கட்டியெழுப்பும் பயிற்சி. அதில் ஒன்றைச் சொல்கிறேன். பாயை விரித்து நாலு காலில் நில்லுங்கள். வலக்கையை முன்னால் நீட்டி, இடக்காலைப் பின்னால் நீட்டி, பத்து வரை எண்ணுங்கள். நாரியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் பாதி தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். சிந்தாமல் கை மாற்ற முடிகிறதா? முதல் கிழமை பாய் நனையும். மூன்றாம் கிழமை நனையாது. மைதானத்தில் பந்தோடு திரும்பும்போது நாரியை நேராகப் பிடித்து வைத்திருப்பது இந்தத் தசைகள்தான்.

அதன்பின் நேர் ஓட்டம். நேர் ஓட்டத்தில் நோவில்லை என்றால் வெட்டித் திரும்பும் ஓட்டம். பிறகு உள்பாதத்தால் மெல்லிய பாஸ், கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம், பிறகு ஓங்கிய உதை. ஒரு படியில் நோ வந்தால் அடுத்த நாள் முந்திய படிக்கு இறங்க வேண்டும். ஆள்மேல் ஆள் இடிக்கும் ஆட்டமும், இரண்டு பேர் ஒரே பந்துக்கு எழும்பும் தலைப்பந்தும் எல்லாவற்றுக்கும் கடைசி. அதுவரை அவன் கோட்டுக்கு வெளியே நின்று வாவிக்குள் விழும் பந்தை எடுத்துக் கொடுக்கட்டும். எடுக்கும்போது குனியாமல், முழங்காலை மடித்து இருந்து எடுக்கட்டும்.